விருந்தாளிகளை வைத்து ஒரு பட்டிமன்றம்

கனடாவின் பிக்கரிங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு சோமாலியத் தம்பதி குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். மகன் விட்பியில் வீடு வாங்கியதால், அவனுக்குக் கிட்ட இருக்கலாம் என்று எற்றோபிக்கோவை விட்டுக் கிழக்கே வந்தார்கள். கணவர் நெடிய மனிதர். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வருவதென்றாலும் அயர்ன் பண்ணிய சேர்ட்டோடுதான் வருவார். மனைவி அதிகம் பேசமாட்டார். என்னை எங்கே கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், சுகமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு உண்மையாகவே காத்திருப்பார். இந்த ஊரில் அப்படிக் காத்திருக்கிறவர்கள் குறைவு.

கார் நிறுத்தும் எங்கள் இரண்டு வீட்டு டிறைவ்வேயும் ஒட்டியிருப்பவை. பனி கொட்டினால் இரண்டு ஆண்களும் ஒன்றாகத்தான் வழிப்பார்கள். அப்படித்தான் சிநேகம் தொடங்கியது. என் கணவர் ஓய்வு பெறும்வரை மிசிசாகாவில் ஒரு கிடங்கில் வேலை செய்தவர். ஆனால் தமிழ்ச் சனத்துக்கு அவரைப் பட்டிமன்ற நடுவராகத்தான் தெரியும். ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல், பாடசாலைப் பழைய மாணவர் விழா, எங்கள் தேவாலயப் பங்கின் கிறிஸ்மஸ் கொண்டாட்டம், எதுவானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளைக் கெடுப்பது தாயா தகப்பனா, கனடாவில் சந்தோஷமாக இருப்பது ஆணா பெண்ணா என்று தலைப்பு வைப்பார்கள். இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு, மணி அடித்து நிறுத்தி, கடைசியில் எழுந்து ஒரு தீர்ப்புச் சொல்வார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். முன்வரிசையில் இருந்து நானும் சிரிப்பேன். எங்கே சிரிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

போன மாரியில் ஒரு நாள், பனியை வழித்துக்கொண்டே இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்களுடைய நாட்டு அரசியலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் இளவயதில் தலைநகரில் கல்வி அமைச்சில் வேலை பார்த்தவர். இராணுவப் புரட்சியால் வந்து, இருபது வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்டு, கடைசியில் துரத்தப்பட்டு அந்நிய மண்ணில் இறந்துபோன ஒரு ஆட்சியாளரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறிவிட்டதாம். அந்த நேரம் அவருடைய மனைவி கதவைத் திறந்து சோமாலியில் ஏதோ ஒரு வசனம் சொல்லிவிட்டு உள்ளே போனாராம்.

"என்ன சொன்னவ?" என்று இவர் கேட்க, அவர் சிரித்தாராம். "எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, பிரதர். அந்த ஆள் முஸ்லிமே இல்லை என்று இவள் சொல்கிறாள். முஸ்லிம்தான் என்று நான் சொல்கிறேன். கலியாணம் கட்டிய காலம் தொட்டு இதுதான்."

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் கணவர் சொன்னார், "இஞ்சேரும், பக்கத்து வீட்டுக்காரரை ஒருக்காச் சாப்பிடக் கூப்பிடுவம். அருமையான ஒரு தலைப்பு கிடைச்சிருக்கு."

"தலைப்போ? ஆக்களைக் கூப்பிட்டால் சோறு குடுத்து அனுப்புவம். உங்கட பட்டிமன்றத்தை விடுங்கோ," என்றேன்.

"சும்மா பகிடிக்குத்தானப்பா."

நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது. அந்த அம்மா வாய் திறந்து என்ன சொல்வார் என்று பார்க்க விரும்பினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். ஹலால் கடையில் ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்திருந்தேன். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பாடு நன்றாகத்தான் போனது. அந்த அம்மா இடியப்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இதை எப்படி இவ்வளவு மெல்லிசாகப் பிழிகிறாய் என்று கேட்டார். குசினிக்குக் கூட்டிப் போய் இடியப்ப உரலைக் காட்டினேன். தானும் ஒருதரம் பிழிந்து பார்த்து, கை வலிக்கிறது என்று சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

மேசைக்குத் திரும்பி வந்தபோது, இவர் ஒரு கண்ணாடித் தம்ளரையும் தேக்கரண்டியையும் முன்னால் எடுத்து வைத்திருந்தார். அந்தச் சாமான்கள் எதற்கு என்று எனக்கு உடனே விளங்கியது. கண்ணைக் காட்டினேன். இவர் பார்க்கவில்லை.

எங்கள் பாஷை பேசுகிற ஆட்களிடம் பட்டிமன்றம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். இன்றைய தலைப்பு, அந்த ஆட்சியாளர் விசுவாசியா இல்லையா, அவர் நாட்டுக்கு விட்டுப்போனது நன்மையா தீமையா. ஆளுக்குக் கொஞ்ச நேரம். தம்ளரில் தட்டினால் நிறுத்த வேண்டும். தானே நடுவர்.

பக்கத்து வீட்டுக்காரர் கதிரையை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு மகா சந்தோஷம். மனைவி தலையை ஆட்டி, "எனக்கு வேண்டாம், பிரதர். இவர் பேசட்டும், நான் கேட்கிறேன்," என்றார்.

"அது சரிவராது, சிஸ்டர். இரண்டு அணி வேணும்," என்று இவர் சொன்னார். அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். சொன்னதை எல்லாம் தமிழில் எழுதுகிறேன்.

"நான் பிறந்தபோது என் பாஷைக்கு எழுத்து இல்லை," என்று தொடங்கினார். "வீட்டில் சோமாலி பேசுவோம். தொழுகைக்கு அரபு. அலுவலகத்துக்கு ஆங்கிலம், இத்தாலியன். எந்த எழுத்தில் எழுதுவது என்று வருடக்கணக்காகச் சண்டை. அந்த மனிதர் வந்துதான் ஒன்றை முடிவுபண்ணினார். மாணவர்களை எல்லாம் நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள், படிப்பிக்க. நானும் போனேன். ஒட்டகம் மேய்க்கிற ஒரு மனிதருக்கு அவருடைய பெயரை மணலில் எழுதிக் காட்டினேன். அவர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். சொத்தில் பெண்களுக்கு ஆண்களோடு சம பங்கு என்று சட்டம் போட்டதும் அவர்தான். சோசலிசத்தைக் கொண்டுவந்தபோதும், அது மார்க்கத்துக்கு விரோதம் இல்லை என்றுதான் திருப்பித் திருப்பிச் சொன்னார். நோன்பு வைத்தாரா, தொழுதாரா என்பதை எண்ணிக்கொண்டிருக்க நான் கணக்கெழுதுகிற வானதூதர் அல்ல. கலிமாச் சொன்ன ஒரு மனிதனை முஸ்லிம் இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை? பிழை செய்தார். பெரிய பிழைகள். ஆனால் பிழை வேறு, விசுவாசம் வேறு."

இவர் தம்ளரில் தட்டினார். "பிரமாதம்!" என்றார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அவர் முதலில் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரியாதைக்காகத்தான் பேசத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். வந்த வீட்டில் கேட்டதை மறுக்கக்கூடாது என்று.

"அந்தச் சட்டம் வந்தபோது நான் இளம் பெண்," என்றார். "எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. பிறகு பள்ளிவாசலில் அதை எதிர்த்துப் பேசிய மார்க்க அறிஞர்களைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். எனக்குக் கிடைத்த பங்குக்காக அவர்களைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை நினைத்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை."

அவருடைய கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார், ஒழுங்கான நடுவர் மாதிரி.

"என் ஊர் வடக்கே," என்று அந்த அம்மா தொடர்ந்தார். "நான் கலியாணம் முடித்துத் தலைநகருக்கு வந்துவிட்டேன். என் அண்ணன் ஊரில் ஆசிரியர். இவர் சொல்கிற அதே எழுத்தைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தான். எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து விமானம் எழும்பி, திரும்பி வந்து, எங்கள் ஊரிலேயே குண்டு போட்டது. வேறு நாட்டு விமானம் இல்லை. எழும்புகிற சத்தம் கேட்டதும் ஓட வேண்டும், ஏனென்றால் அது தூரம் போகாது. எல்லாரும் நடந்து எல்லைக்குப் போனார்கள். அப்பா வரமாட்டேன் என்று வீட்டுக்குள் இருந்துவிட்டார். அண்ணன் பாதி வழியில் திரும்பிப் போனான், அப்பாவைத் தூக்கிக்கொண்டு வர. அப்பா அப்போது தொழுதுகொண்டிருந்தாராம். அவர் முடிக்கட்டும் என்று அண்ணன் வாசலில் காத்துக்கொண்டு..."

டிங் என்று தம்ளர் சத்தம் கேட்டது.

"நேரம் முடிஞ்சுது, சிஸ்டர்!" என்றார் என் கணவர்.

அந்த அம்மா உடனே நிறுத்திவிட்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

இவர் எழுந்து நின்றார். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா பேசிய நேரமெல்லாம் இவர் தன் தீர்ப்பைத்தான் மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மேடையில் எப்போதும் செய்வதுதான். இரண்டு பக்கமும் வலுவான வாதங்களை வைத்ததாகப் பாராட்டினார். "அந்த ஆட்சியாளருக்கு விசுவாசம் இருந்தது. ஆனால் ஆண்டவன் அவரை நம்பினாரா என்பதுதான் சந்தேகம்! ஆகவே வழக்கு மேல்நீதிமன்றத்துக்கு, அதாவது மேலே, அனுப்பப்படுகிறது," என்று கூரையைக் காட்டினார்.

நான் சிரித்தேன்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. தீர்ப்பு வந்தால் சிரிப்பது என் வழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. மேசையில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்காமல், தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல.

அந்த அம்மா தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, சாப்பாடு மிகவும் நன்றாக இருந்தது, நன்றி, சிஸ்டர் என்று என் கையைப் பிடித்தார். கோபம் எதுவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தபோது, அவருடைய கணவர் குனிந்து அந்தச் சப்பாத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தங்கள் வீட்டுக்குள் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மேசையைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

"என்ன, அவசரமாப் போயிட்டினம்?" என்றார் இவர்.

"உங்களுக்கு விளங்கேல்லையே? அந்த மனுசி தன்ர தமையன் செத்த கதையைச் சொல்லுது. நீங்கள் மணி அடிக்கிறியள்."

"எனக்கு அது... நான் கவனிக்கேல்லை. அவையே வீட்டில நெடுக வாதாடுறவைதானே. நான் என்ன பிழை செய்தனான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், சொல்லக்கூடாததைச் சொன்னேன். "உங்கட அக்காவின்ர பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போனதை ஒருத்தர் தலைப்பாப் போட்டு, மேசையில வைச்சு மணி அடிச்சால் எப்பிடி இருக்கும்?"

அவருடைய அக்காவின் மகன் எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். பள்ளிக்கூடப் பிள்ளை. அவனைப் பதுங்குகுழிக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போனது எதிரி அல்ல, சண்டைக்குப் பிள்ளை பிடித்த எங்கள் ஆட்கள். இங்கே கூட்டங்களில் அந்த ஆட்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இவர் சபையில் இருப்பார். கை தட்டமாட்டார், எழுந்தும் போகமாட்டார். எத்தனையோ தலைப்பில் பேசியவர், அதைப் பற்றி எங்கேயும் வாய் திறந்ததில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். கழுவி முடித்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். நான் அவரைத் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை.

மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் போனோம். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வந்தது. இவர் கையை நீட்டினார், நானும் நீட்டினேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகள் மூடியிருந்தன. வழமையாக நாங்கள் கார் நிறுத்தும் சத்தம் கேட்டால் அவர் வெளியே வந்து கை காட்டுவார். அன்றைக்கு வரவில்லை.

அந்த அம்மாவுக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை நடக்க இருந்தது. அதற்கு முன்னான பரிசோதனைக்கு அவரை நான் கூட்டிப்போவதாக ஏற்கனவே ஒத்துக்கொண்டிருந்தேன். அந்த நாள் வந்தபோது, அவர்கள் வேறு ஏற்பாடு செய்துவிட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் காரை எடுக்க வெளியே வந்தபோது, அவர் கோட்டும் கைப்பையுமாகத் தயாராக நின்றார். ஏறி, பெல்ட் போட்டு, "சுகமா, சிஸ்டர்?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் குழம்பிவிட்டன. நான் சிரித்தது பிழை, பெரிய பிழை என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"நீ சிரித்ததை நான் கவனிக்கவே இல்லை," என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இரண்டு நாளும் என் சிரிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவரோ அந்த வாசலில் காத்துக்கொண்டு நின்ற அண்ணனோடு இருந்திருக்கிறார்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவராகவே பேசினார்.

"என் கணவருக்கு அண்ணன் இறந்தது தெரியும். எப்படி என்று தெரியாது. நான் சொன்னதே இல்லை. அது நடந்தபோது நான் இவருடைய வீட்டில் இருந்தேன். சுவரில் அந்த ஆளின் படம். வானொலியில் வடக்கே ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்கிறார்கள். இவர் அதை நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். பிறகு எல்லை கடந்து வந்த ஒரு உறவுக்காரப் பெண் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இவரிடம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். எழுத்து, பள்ளிக்கூடம், பெண்களுக்குப் பங்கு. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். அதனால் நான் சின்ன வழக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ஆள் முஸ்லிமா இல்லையா என்பது மட்டும். அதை எவ்வளவு காலமும் பேசலாம், யாரும் அழ வேண்டியதில்லை."

"அப்போ எங்கள் வீட்டில்..."

"உங்கள் வீட்டில் உன் கணவர் இவரைப் பேசவிடாமல் விரலை உயர்த்தினார். முதல் தடவையாக இவர் இடையில் பதில் சொல்லவில்லை."

"ஆனால் மணியும் அடித்தார்," என்றேன்.

"ஓ, அது," என்று அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மிச்சத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இவர் கேட்டார். கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். இப்போது என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறார். தேநீர் போட்டு வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்."

அதைக் கேட்டு எனக்குள் அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, உன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று ஒருநாளாவது கேட்கத் தோன்றவில்லையா என்று நினைத்தேன். கண் டொக்டரின் காத்திருப்பு அறையில் இருந்த நேரமெல்லாம் மனதுக்குள் அவரை ஏசிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபோது என் கணவர் வீட்டில் இல்லை. அவருடைய கோட் கொக்கியில் தொங்கியது, சப்பாத்து மட்டும் இல்லை. எங்கே என்று யோசித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்து இவர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. பின்னால் அந்த வீட்டுக்காரர். இரண்டு பேரும் படியில் நின்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பிறகு இவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார், கேட்டுவிட்டார், நல்லது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சத்திர சிகிச்சை முடிந்து அந்த அம்மா படுத்திருந்தார். சூப் எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் தந்துவிட்டுக் கீழே போனார். அண்ணனுக்காகவும் அப்பாவுக்காகவும் ஓதுகிறார் என்று அந்த அம்மா சொன்னார். அந்த ஆட்சியாளருக்காகவும் ஓதுகிறாரா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், "மற்ற ஆளைப் பற்றி இவர் இப்போது பேசுவதில்லை. நானும் பேசவில்லை. அந்த ஆள் விசுவாசியா என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் நான் ஓதமாட்டேன். அதை மட்டும் இவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்."

பிறகு, மூடியிருக்காத மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உன் கணவர் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாராம். இவர் எனக்குச் சொன்னார். அவனுக்குக் காய்ச்சல் என்றும், உன் கணவரின் அக்கா அவன் மேல் விழுந்து படுத்துக்கொண்டார் என்றும். அந்த அக்கா பிறகு தொலைபேசியில் எல்லாவற்றையும் உன் கணவரிடம் சொன்னபோது, அவர் அக்காவின் அழுகையைக் கேட்க முடியாமல் நடுவில் போனை வைத்துவிட்டாராமே. பாவம், சிஸ்டர். எவ்வளவு காலமாக அதை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் தெரியாது. அக்கா அவன் மேல் விழுந்து படுத்தது தெரியாது. இவர் போனை வைத்தது தெரியாது. பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற ஒரு வரிதான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை எடுத்துத்தான் அன்றைக்கு அவர் முகத்தில் எறிந்தேன். எங்களுக்குக் கலியாணமாகி எத்தனையோ வருடம், பிள்ளைகளும் வளர்ந்து போய்விட்டார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க எனக்கு விருப்பமில்லை என்பதுதான் உண்மை. கேட்டிருந்தால், அந்தக் கூட்டங்களில் இவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு நான் கை தட்டியிருக்க முடியாது.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது எனக்கு வந்த வெட்கம், விருந்து மேசையில் வந்ததைப் போல அல்ல. அது முகத்தில் சூடாக வந்து போனது. இது இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இஞ்சேருங்கோ. அக்கா உங்களுக்குப் போன் எடுத்தவவாம். அந்தப் பெடியனைக் கொண்டு போன நேரம்."

அவர் திரும்பவில்லை. "ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டு அம்மா."

தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "ஓம், எடுத்தவ," என்றார்.

"எனக்குச் சொல்லுங்கோவன்."

"இப்ப வேண்டாம். பிறகு ஒருநாள் சொல்லுறன்."

சரி என்றேன். இது நடந்து மாதங்களாகிவிட்டன. அவர் இன்னும் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் முன்பு கேட்காமல் இருந்தது போல் இது இல்லை. இப்போது அவர் எதையாவது சொல்ல வாயெடுத்தால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். பெரும்பாலும் மருந்து எங்கே என்றோ, தேநீருக்குச் சீனி காணாது என்றோதான் சொல்வார்.